கண் வறட்சியும் வைட்டமின் குறைபாடும்: ஒரே பெயரில் உலவும் இரண்டு நோய்கள்

கண் மருத்துவமனையில் பார்வை அளக்கும் வேலை எனக்கு. மருத்துவரைப் பார்ப்பதற்கு முன் நோயாளிகள் முதலில் உட்காருவது என் முன்னால்தான். சில மாதங்களுக்கு முன் ஒரே வாரத்தில் வந்த இரண்டு பேரைப் பற்றிச் சொன்னால் இந்தக் கட்டுரையை ஏன் எழுதுகிறேன் என்பது புரியும்.

முதலில் வந்தவர் ஐம்பத்தெட்டு வயது அம்மா. உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டார். "தம்பி, மூணு மாசமா தினமும் காரட் ஜூஸ் குடிக்கிறேன். வாரத்துல மூணு நாள் முருங்கைக்கீரை. கண்ணு எரிச்சல் மட்டும் குறையவே மாட்டேங்குது." கண்ணில் மண் விழுந்ததுபோல உறுத்தல், சாயங்காலமானால் எரிச்சல், டிவி பார்த்தால் தண்ணீராகக் கொட்டுகிறது. அவர் கையை நீட்டியபோது உள்ளங்கை மஞ்சள் தேய்த்துக் குளித்த கைபோல இருந்தது. காமாலையோ என்று கண்ணைப் பார்த்தேன். வெள்ளைவிழி வெள்ளையாகவே இருந்தது. அவ்வளவும் காரட்டின் நிறம்.

இரண்டாவது ஆள் ஆறு வயதுப் பையன். அவனுக்கு எரிச்சலும் இல்லை, உறுத்தலும் இல்லை. அவன் அம்மா சொன்னது வேறு. "பகல்ல நல்லாத்தான் ஓடுறான் சார். பொழுது சாஞ்சா வாசப்படி தெரியாம தடுக்கி விழறான்." கண்ணைத் திறந்து பார்த்தால், வெள்ளைவிழியில் காதுப் பக்கமாகச் சோப்பு நுரை காய்ந்து ஒட்டியதுபோல ஒரு சாம்பல் நிறத் திட்டு. மாதக்கணக்கில் அடிக்கடி வயிற்றுப்போக்கு. சாப்பிடுவது வெறுஞ்சோறு, அப்பளம், பிஸ்கட் மட்டும்.

வைட்டமின் குறைபாடு இருந்தது இந்தப் பையனுக்கு. காரட் ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தது அந்த அம்மா.

"கண் வறண்டு போனால் வைட்டமின் ஏ குறைச்சல்" என்று ஒரு பேச்சு ஊர் முழுக்க இருக்கிறது. அது முழுப் பொய் இல்லை. வைட்டமின் ஏ இல்லாவிட்டால் கண் உண்மையிலேயே வறளும், பார்வையே போகும். ஆனால் நம்மில் பெரும்பாலானோருக்கு இருக்கும் கண் எரிச்சல் அந்த நோய் இல்லை. இரண்டுக்கும் நாம் வைத்திருப்பது "வறட்சி" என்ற ஒரே சொல். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

கண்ணை நனைப்பது வெறும் தண்ணீர் இல்லை

கண் ஈரமாக இருக்கிறது என்றால், உள்ளே எங்கிருந்தோ தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். தண்ணீர் மட்டும் போதாது. கண்ணின் மேல் ஒரு மெல்லிய போர்வை இருக்கிறது. அதற்குக் கண்ணீர்ப் படலம் என்று பெயர். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காகப் பிரித்தால், அதில் சில பங்கு கனம்தான் இருக்கும். அந்தக் கனத்துக்குள் மூன்று பொருள்கள் வேலை செய்கின்றன.

ஊறுகாய் ஜாடியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே நல்லெண்ணெய் மிதக்க வேண்டும் என்று பாட்டி சொல்வார். அந்த எண்ணெய் இருக்கும்வரை கீழே காற்றுப் படாது, காய் காயாது. கண்ணீர்ப் படலத்தின் மேல்பகுதியும் அப்படி ஒரு எண்ணெய்தான். நம் இமை ஓரத்தில், இமைமயிருக்குச் சற்று உள்புறமாக, வரிசையாகக் குட்டிக் குட்டிச் சுரப்பிகள் இருக்கின்றன. மேல் இமையில் முப்பதுக்கு அருகில், கீழ் இமையில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. 1666-ல் இவற்றை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிச் மைபோமின் பெயரால் இவை மைபோமியன் சுரப்பிகள் எனப்படுகின்றன. ஒவ்வொரு முறை கண் சிமிட்டும்போதும் இவை துளி எண்ணெயைப் பிதுக்கிவிடுகின்றன. கீழே உள்ள நீர் ஆவியாகாமல் அது காக்கிறது.

நடுவில் இருப்பது நீர். மேல் இமைக்கு உள்ளே, புருவத்தின் வெளிக்கோடிப் பக்கம் இருக்கும் கண்ணீர்ச் சுரப்பி இதைத் தருகிறது.

அடியில் இருப்பதுதான் நம் விஷயத்துக்கு முக்கியம். சேப்பங்கிழங்கு இலையிலோ தாமரை இலையிலோ தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும், இலை நனையாது. வாழையிலைகூட அப்படித்தான், சாப்பிட உட்காரும்போது தெளிக்கும் தண்ணீரைக் கையால் தடவித்தான் பரப்ப வேண்டியிருக்கிறது. கண்ணின் மேற்பரப்பில் தண்ணீர் அப்படி உருண்டு ஓடிவிடக் கூடாது. வழவழப்பாகப் பரவி ஒட்ட வேண்டும். அதற்காக அங்கே ஒரு கோழைப் பூச்சு இருக்கிறது. இதன் பெயர் மியூசின். வெள்ளைவிழியை மூடியிருக்கும் மெல்லிய சவ்வில் உள்ள சில செல்கள் இதைச் சுரக்கின்றன. குடுவைபோல் உப்பிய வடிவம் என்பதால் அவற்றுக்குக் கோப்லெட் செல்கள் என்று பெயர்.

உண்மையில் இந்த மூன்றும் தனித்தனி அடுக்காக அடுக்கி வைத்ததுபோல இருப்பதில்லை. நீரும் கோழையும் ஒன்றோடொன்று கலந்தேதான் இருக்கும். புரிந்துகொள்ள மூன்றாகப் பிரித்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

இதுவரை பார்த்தது: கண் ஈரமாக இருக்க எண்ணெய், நீர், ஒட்டவைக்கும் கோழை என்று மூன்றும் வேண்டும். எது குறைந்தாலும் "வறட்சி"தான். ஆனால் எது குறைந்தது என்பதைப் பொறுத்து நோயும் வேறு, மருந்தும் வேறு.

நம்மில் பலருக்கு இருக்கும் எரிச்சல் எது?

பெரும்பாலும் எண்ணெய்க் கணக்கில்தான் தவறு நடக்கிறது. மார்கழிக் காலையில் தேங்காயெண்ணெய் பாட்டில் உறைந்து கிடக்குமே, அதுபோல மைபோமியன் சுரப்பிகளின் வாயில் எண்ணெய் கெட்டியாகி அடைத்துக்கொள்கிறது. கண்ணீர் நிறைய ஊறும், ஆனால் மேலே மூடி இல்லாததால் சீக்கிரம் ஆவியாகிவிடும். வயது கூடக்கூட இது அதிகம். இதற்கு வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுக்கச் சொல்வதும் தேங்காயெண்ணெயை வெயிலில் வைக்கும் அதே காரணத்துக்காகத்தான். இளகினால் வழியும்.

அடுத்தது சிமிட்டல். சாதாரணமாக நாம் நிமிடத்துக்கு 15 முறை அளவில் கண் சிமிட்டுகிறோம். போனையோ கம்ப்யூட்டரையோ பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே போய்விடுகிறது. சிமிட்டினாலும் இமை முழுதாக மூடுவதில்லை. ஏசி காற்று நேராக முகத்தில் அடித்தாலும், தலைக்கு மேல் ஃபேன் சுழன்றாலும் ஆவியாவது இன்னும் வேகம்.

நீரே குறைவாகச் சுரப்பவர்களும் உண்டு. மாதவிடாய் நின்ற பெண்கள், தும்மலுக்கும் அலர்ஜிக்கும் மாத்திரை போடுபவர்கள், சில மனநல மருந்துகள் எடுப்பவர்கள், நீண்டநாள் சர்க்கரை நோயாளிகள். கண்ணோடு வாயும் வறண்டு, மூட்டுவலியும் சேர்ந்திருந்தால் ஷோக்ரென் நோயாக இருக்கலாம். உடலின் எதிர்ப்பு சக்தி தன் சொந்தச் சுரப்பிகளையே தாக்கும் நோய் அது.

"கண்ணுல தண்ணியா கொட்டுதே, இது எப்படி வறட்சி?" என்று தினமும் யாராவது கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். படலம் உடைந்து கண்ணின் மேற்பரப்பு காய்ந்ததும் அங்குள்ள நரம்புகள் மூளைக்கு அவசரச் செய்தி அனுப்புகின்றன. உடனே கண்ணீர்ச் சுரப்பி வெங்காயம் நறுக்கும்போது வருவதுபோல ஒரேயடியாக நீரை விடுகிறது. வயலுக்கு வாய்க்கால் தண்ணீர் சீராக வர வேண்டும். அது வராமல், திடீரென்று வெள்ளம் வந்து மேலோடு ஓடிவிட்டால் பயிருக்கு என்ன பயன்? அதே கதைதான்.

இந்தக் காரணங்கள் எதிலும் வைட்டமின் ஏ வரவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

வைட்டமின் ஏ கண்ணில் என்ன செய்கிறது?

அதற்குக் கண்ணில் இரண்டு வேலை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத வேலைகள்.

முதல் வேலை கண்ணின் பின்பக்கம். அங்கே விழித்திரை இருக்கிறது, சினிமாத் திரைபோலப் பிம்பம் விழும் இடம். மங்கிய வெளிச்சத்தில் பார்ப்பதற்கென்றே அதில் சில செல்கள் உண்டு. அவற்றுக்குள் ஒளிபட்டால் மாறும் ஒரு நிறமி இருக்கிறது. அந்த நிறமியின் ஒரு பகுதி வைட்டமின் ஏ-யிலிருந்து வருகிறது. ஒளி படப்பட அது சிதையும், மறுபடி சேரும். வைட்டமின் ஏ குறைந்தால் மறுபடி சேர்வது தாமதமாகும். பகல் வெளிச்சத்தில் குறை தெரியாது, அந்தி சாய்ந்ததும் தெரியும். மாலைக்கண் என்று நம் முன்னோர் எவ்வளவு சரியாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்! நோய் எந்த நேரத்தில் தெரியும் என்பது பெயரிலேயே இருக்கிறது. இந்த நிறமியின் வேதியியலைக் கண்டறிந்த ஜார்ஜ் வால்டுக்கு 1967-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டாவது வேலை கண்ணின் முன்பக்கம். வறட்சி வருவது இங்கேதான்.

உங்கள் கன்னத்தின் உள்பக்கத்தை நாக்கால் தடவிப் பாருங்கள். ஈரம், வழவழப்பு. அப்புறம் குதிகாலைத் தொட்டுப் பாருங்கள். காய்ந்து, தடித்து, சொரசொரப்பாக இருக்கும். இரண்டும் உடம்பின் மேல்தோல் வகையைச் சேர்ந்த செல்களால் ஆனவையே. ஆனால் குதிகாலில் செல்கள் கெரட்டின் என்ற கடினமான புரதத்தை நிரப்பிக்கொண்டு தட்டையாகிச் சாகின்றன. நகமும் முடியும் ஆவது அதே கெரட்டினால்தான். குதிகாலுக்கு அது நல்லது, கண்ணுக்கு அது கேடு.

கண்ணின் மேற்பரப்பில் புதிதாகப் பிறக்கும் ஒவ்வொரு செல்லும் வளர்ந்து என்னவாக வேண்டும் என்ற கட்டளைக்குக் காத்திருக்கிறது. அந்தக் கட்டளையைத் தருவது வைட்டமின் ஏ-யிலிருந்து உடல் தயாரிக்கும் ரெட்டினோயிக் அமிலம். இது செல்லின் கருவுக்குள் நேராகப் போய், எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது தூங்க வேண்டும் என்று முடிவுசெய்கிறது. அது இருந்தால் செல் ஈரமான சவ்வாக வளர்கிறது, கோழை சுரக்கிறது. அது இல்லாவிட்டால் செல் தோலாக வளர்கிறது. கோப்லெட் செல்கள் மறைந்துபோகின்றன. கோழை நின்றுவிடுகிறது. கண்ணின் மேல் குதிகால் தோலைப் போன்ற ஒன்று படரத் தொடங்குகிறது.

1925-ல் வுல்பாக், ஹோவ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் வைட்டமின் ஏ இல்லாத தீனி கொடுத்து எலிகளை வளர்த்து இதை நுண்ணோக்கியில் பார்த்துப் பதிவுசெய்தார்கள். கண்ணில் மட்டும் இல்லை, மூச்சுக்குழாயிலும் சிறுநீர்ப் பாதையிலும்கூட ஈரச் சவ்வு தோலாக மாறியிருந்தது.

இப்போது சேப்பங்கிழங்கு இலைக்குத் திரும்புவோம். வைட்டமின் ஏ இல்லாத கண்ணில் ஆரம்பத்தில் கண்ணீர் வருகிறது. ஆனால் ஒட்டுவதில்லை. கெரட்டின் படர்ந்த பரப்பில் அது இலைமேல் தண்ணீராக உருண்டு ஓடுகிறது. கண் முழுக்கத் தண்ணீர் இருந்தாலும் கண் நனையாது. சொட்டு மருந்து விட்டால்கூட அதே நிலைதான்.

சுருக்கமாக: சாதாரண வறட்சியில் ஈரமான பரப்பு இருக்கிறது, அதன்மேல் நிற்க வேண்டிய படலம் காய்ந்துபோகிறது. வைட்டமின் ஏ குறைபாட்டில் பரப்பே தோலாக மாறி, ஈரத்தை ஏற்க மறுக்கிறது. பின்னதற்கு மருத்துவப் பெயர் சீரோப்தால்மியா. கிரேக்க மொழியில் "உலர்ந்த கண்" என்றுதான் பொருள். பெயரைக் கேட்டு இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடுவதில் ஆச்சரியம் இல்லை.

அந்த நுரைத் திட்டு சொல்லும் செய்தி

சீரோப்தால்மியா படிப்படியாக வரும். பெரும்பாலும் முதலில் மாலைக்கண். பிறகு வெள்ளைவிழியின் சவ்வு மினுமினுப்பு இழந்து சுருங்கும். அடுத்து, அந்தப் பையனின் கண்ணில் நான் பார்த்த நுரைத் திட்டு. 1863-ல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவரின் பெயரால் இதற்குப் பீட்டோ புள்ளி என்று பெயர். உதிர்ந்த கெரட்டினும், அதில் குடியேறிய பாக்டீரியாவும் சேர்ந்த திட்டு அது. பெரும்பாலும் காதுப் பக்கம், முக்கோண வடிவில் இருக்கும். வலிக்காது, அரிக்காது. அதனாலேயே பெற்றோர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

இதுவரை நடந்தது எல்லாவற்றையும் திருப்பிவிடலாம். அடுத்த படிதான் பயங்கரம். கருவிழிக்கு முன்னால் கடிகாரக் கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் ஒரு பகுதி இருக்கிறதே, அதுதான் கார்னியா. வறட்சி அங்கே பரவினால் அது மங்கும், புண்ணாகும். கடைசியில் மெழுகுபோல இளகிக் கரையும். ஏற்கெனவே மெலிந்த குழந்தைக்குத் தட்டம்மை வந்தால், இது சில நாட்களிலேயே நடந்துவிடலாம். தட்டம்மை உடலின் வைட்டமின் ஏ இருப்பை வேகமாகக் கரைத்துவிடும். கரைந்த கார்னியா திரும்ப வராது.

எனவே மாலையில் தடுமாறும் குழந்தையை "கவனம் இல்லாம நடக்குது" என்று திட்டுவதற்கு முன் கண்ணைக் காட்டிவிடுங்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது.

வெண்ணெய் கப்பலேறிய நாட்டில்

இது பஞ்சம் பிடித்த ஊர்களின் நோய் மட்டும்தானா? டென்மார்க்கில் நடந்ததைச் சொல்கிறேன். பாலும் வெண்ணெயும் கொழித்த நாடு அது. முதல் உலகப் போரின்போது வெண்ணெய்க்கு வெளிநாட்டில் நல்ல விலை கிடைத்தது. வெண்ணெய் கப்பலேறியது. ஏழைக் குழந்தைகளுக்குக் கொழுப்பெடுத்த பாலும் தாவர மார்கரினும் மிஞ்சின. கோபன்ஹேகன் மருத்துவமனைக்குக் கண் வறண்ட குழந்தைகள் வரத் தொடங்கினார்கள். பலருக்குப் பார்வை போனது.

கார்ல் பிளாக் என்ற குழந்தை மருத்துவர் இதை உன்னிப்பாகக் கவனித்தார். 1917 முடிவில் போரால் ஏற்றுமதி தடைபட்டு, உள்நாட்டிலேயே வெண்ணெய் பங்கீட்டு விலையில் எல்லோருக்கும் கிடைத்தது. 1918-ல் நோய் ஏறக்குறைய மறைந்தது. போர் முடிந்து கப்பல்கள் மறுபடி கிளம்பியதும் நோயும் திரும்பி வந்தது. வெண்ணெயில் இருந்த அந்த ஏதோ ஒன்றை அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1913-ல், அமெரிக்காவில் எல்மர் மெக்காலமும் மார்கரெட் டேவிஸும் எலிகளை வைத்துக் கண்டுபிடித்திருந்தார்கள். அதுவே பின்னாளில் வைட்டமின் ஏ என்று பெயர் பெற்றது.

நம் பக்கத்துக் கதையும் ஒன்று உண்டு. திருச்சி மாவட்டத்தில் 15,000-க்கும் மேற்பட்ட சிறு குழந்தைகளை வைத்து லட்சுமி ரஹ்மத்துல்லாவும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு பாதிக் குழந்தைகளுக்கு வாரம் ஒருமுறை சிறிய அளவில் வைட்டமின் ஏ கொடுக்கப்பட்டது. 1990-ல் வெளியான முடிவு உலகத்தையே திரும்பிப் பார்க்கவைத்தது. வைட்டமின் பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 சதவீதம் குறைந்திருந்தது. கண்ணுக்கான வைட்டமின் உயிரை எப்படிக் காத்தது? மேலே சொன்ன எலிகளை நினைத்துப் பாருங்கள். குடலிலும் மூச்சுக்குழாயிலும் இருப்பது அதே வகை ஈரச் சவ்வு. அது கெட்டால் வயிற்றுப்போக்கும் தொற்றுநோயும் சுலபமாக உள்ளே நுழையும். உடலின் எதிர்ப்பு சக்திக்கும் இந்த வைட்டமின் வேண்டும்.

அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் குழந்தைகளுக்கு ஸ்பூனில் ஒரு மஞ்சள் திரவம் ஊற்றுகிறார்களே, அது இதற்காகத்தான். 9 மாதத்தில் ஒரு லட்சம் யூனிட், அப்புறம் 5 வயதுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு லட்சம் யூனிட். யூனிட் என்பது வைட்டமினை அளக்கும் அளவு. குழந்தைக்கு இதைத் தவறவிடாதீர்கள்.

பெரியவர்களுக்கு ஏன் அரிதாக வருகிறது?

ஈரலைப் பத்தாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுவடைக் காலத்தில் நெல்லைக் கொட்டி வைத்துக்கொண்டு வருஷம் முழுக்க எடுத்துப் பயன்படுத்துவதுபோல, உடல் தனக்குக் கிடைக்கும் வைட்டமின் ஏ-யில் பெரும்பகுதியை ஈரலில் சேர்த்துவைக்கிறது. ஓரளவு கீரை, பழம், முட்டை, பால் சாப்பிடும் பெரியவருக்கு இந்தப் பத்தாயம் பல மாதங்களுக்குத் தாங்கும். குழந்தை பிறக்கும்போது பத்தாயம் ஏறக்குறைய காலி. வளரும் உடம்புக்குச் செலவும் அதிகம். ஆகவே முதலில் பாதிக்கப்படுவது குழந்தைகள். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும்கூடச் செலவு கூடுதல்.

பெரியவருக்கு வந்தால், பெரும்பாலும் சாப்பாட்டில் குறை இருக்காது, சாப்பிட்டது உள்ளே சேர்வதில் குறை இருக்கும். வைட்டமின் ஏ கொழுப்பில் கரைவது. கொழுப்பைக் குடல் உறிஞ்சினால்தான் இதுவும் உள்ளே போகும். எடை குறைக்கக் குடலை மாற்றி இணைக்கும் அறுவை சிகிச்சை செய்தவர்கள், கணையம் கெட்டவர்கள், நாள்பட்ட குடல் அழற்சி உள்ளவர்கள், ஈரல் நோயும் மதுப் பழக்கமும் உள்ளவர்கள் ஆகியோருக்குச் சந்தேகப்பட வேண்டும். கீரையை எண்ணெய்விட்டுத் தாளித்து, தேங்காய்த் துருவல் போட்டுப் பொரியல் செய்கிறோமே, அது ருசிக்காக மட்டும் இல்லை. அந்தக் கொழுப்போடு சேர்ந்தால்தான் கீரையின் சத்து ஒழுங்காக உடலில் சேரும். தண்ணீரில் அவித்து, எண்ணெயே இல்லாமல் சாப்பிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நிறைந்த பத்தாயத்தில் மேலும் கொட்டினால்?

காரட்டிலும் கீரையிலும் பப்பாளியிலும் இருப்பது வைட்டமின் ஏ ஆவதற்கு முந்தைய நிலை. அதன் பெயர் பீட்டா கரோட்டின். உடல் தனக்குத் தேவையான அளவு மட்டும் அதை மாற்றிக்கொள்ளும். மிச்சம் தோலில் தங்கி உள்ளங்கையை மஞ்சளாக்கும். அந்த அம்மாவுக்கு நடந்தது இதுதான். ஆபத்து இல்லை, காரட்டைக் குறைத்தால் சில வாரங்களில் போய்விடும். காமாலையில் வெள்ளைவிழியும் மஞ்சளாகும், இதில் ஆகாது.

மாத்திரை வேறு கதை. அதில் இருப்பது தயார்நிலை வைட்டமின் ஏ. பெரியவர் ஒருவர் தினசரி 10,000 யூனிட்டைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வரம்பு. மருந்துக் கடையில் 25,000, 50,000 யூனிட் மாத்திரைகள் கிடைக்கின்றன. அதைக் கண் எரிச்சலுக்கென்று தானே வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினால் ஈரல் கெடும், தலைவலி வரும், தலைக்குள் அழுத்தம் கூடி அதனாலேயே பார்வை பாதிக்கப்படலாம். கர்ப்பிணிகள் தொடவே கூடாது, குழந்தைக்கு ஊனம் உண்டாகும் ஆபத்து இருக்கிறது. சீரோப்தால்மியாவுக்கு மருத்துவர் தருவதும் பெரிய அளவுதான். ஆனால் அது எண்ணிக் கொடுக்கும் சில வேளை மருந்து.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடும் முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின் என்ற மாத்திரை வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்தது. பருவைக் குறைக்க அது எண்ணெய்ச் சுரப்பிகளைச் சுருக்குகிறது. மைபோமியனும் எண்ணெய்ச் சுரப்பிதானே? அதுவும் சுருங்கும். விளைவு, கண் வறட்சி. வைட்டமின் ஏ குறைந்தாலும் வறட்சி, அதன் சொந்தக்காரன் மிஞ்சினாலும் வறட்சி. முன்னதில் கெடுவது அடிப்பூச்சு, பின்னதில் கெடுவது மேல் எண்ணெய்.

டி, பி12, மீன் எண்ணெய்

இந்த மூன்றைப் பற்றியும் கேட்கிறார்கள். வைட்டமின் டி குறைவாக உள்ளவர்களிடம் கண் வறட்சி சற்று அதிகம் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் சேர்ந்து காணப்படுவது வேறு, ஒன்று மற்றொன்றை உண்டாக்குவது வேறு. நாள் முழுக்க ஏசி அறையில் கம்ப்யூட்டர் முன் இருப்பவருக்கு வெயில் படாததால் டி-யும் குறையும், சிமிட்டாததால் கண்ணும் வறளும். டி குறைவு என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்தால் எலும்புக்காகவாவது சரிசெய்யுங்கள். கண் எரிச்சல் அதோடு போய்விடும் என்று காத்திருக்க வேண்டாம்.

பி12 நரம்புக்கான வைட்டமின். கார்னியாவில் நரம்புகள் மிக நெருக்கமாக இருப்பதால், பி12 மிகவும் குறைந்தவர்களுக்குக் கண் வலியும் எரிச்சலும் வர வாய்ப்பு உண்டு. சுத்த சைவம் சாப்பிடுபவர்கள், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் நீண்டநாள் போடுபவர்கள் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 வைட்டமினே இல்லை, கொழுப்பு வகை. அமெரிக்காவில் 535 கண் வறட்சி நோயாளிகளை வைத்து நடந்த ஓர் ஆண்டு ஆய்வின் முடிவு 2018-ல் வெளியானது. ஒரு பிரிவுக்குத் தினம் 3 கிராம் ஒமேகா-3, மற்றவர்களுக்கு ஆலிவ் எண்ணெய் நிரப்பிய மாத்திரை. இரு பிரிவிலும் எரிச்சல் குறைந்தது, ஆனால் இரண்டுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. மீன் சாப்பிடுவது நல்லது. கண்ணுக்கென்று விலையுயர்ந்த மாத்திரை வாங்க அவசியம் இல்லை.

அந்த இருவருக்கும் என்ன ஆனது?

பையனுக்கு அன்றே வைட்டமின் ஏ கொடுத்தார் மருத்துவர், மறுநாளும் ஒருமுறை. வயிற்றுப்போக்குக்காகக் குழந்தை மருத்துவரிடமும் அனுப்பினார். இரண்டு வாரம் கழித்து மூன்றாவது வேளைக்கு வந்தபோது அவன் அம்மா சொன்னார், "மூணாவது நாளே சாயங்காலம் தானா படியிறங்கி வெளையாடப் போயிட்டான்." விழித்திரை அவ்வளவு சீக்கிரம் தேறிவிடும். வெள்ளைவிழியின் திட்டு மட்டும் அப்போதும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அது மறைய நாளாகும்.

அந்த அம்மாவின் கீழ் இமையில், ஓரமாக, ஒரு சின்ன வடிதாள் பட்டையை மாட்டினேன். ஐந்து நிமிடம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். இது ஷிர்மர் சோதனை. 10 மில்லிமீட்டருக்கு மேல் நனைந்தால் பொதுவாகப் போதுமான கண்ணீர், 5-க்குக் கீழே என்றால் கடும் வறட்சி. அவருடையது 6-ல் நின்றது. பிறகு மஞ்சள் சாயம் தொட்டு, நீல வெளிச்சத்தில் படலம் எத்தனை நொடியில் உடைகிறது என்று மருத்துவர் பார்த்தார். 10 நொடியாவது தாங்க வேண்டியது நாலு நொடியில் கிழிந்தது. இமை ஓரத்தை லேசாக அழுத்தியபோது எண்ணெய்க்குப் பதில் பற்பசைபோலக் கெட்டியாக ஏதோ வந்தது.

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா?" என்று மருத்துவர் கேட்டார். இல்லை என்றார். கிளம்பும்போது, "தும்மலுக்கு ராத்திரி ஒண்ணு போடுவேன், அது மாத்திரைக் கணக்குல வருமா?" என்று கேட்டார். நாலு வருடமாகத் தினமும் போட்டு வந்திருக்கிறார். மருத்துவர் அதை நிறுத்தி மூக்கில் அடிக்கும் மருந்துக்கு மாற்றினார். காலையும் மாலையும் வெதுவெதுப்பான துணி ஒத்தடம், கூடவே செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு.

கண் எரிச்சலுக்கு மருத்துவரிடம் போகும்போது, நீங்கள் போடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். தும்மல் மாத்திரை, தூக்க மாத்திரை, பருவுக்கான மாத்திரை, பக்கத்து வீட்டில் சொன்ன சத்து மாத்திரை, எல்லாவற்றையும். மாலையில் பார்வை தடுமாறுகிறதா, வாய் வறள்கிறதா, வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறதா என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.